ஒன்பதோடு நிறுத்தச் சொல்கிறார் ஆடிட்டர்: பத்தாவது ஆளைச் சேர்க்கலாமா?

ஜவுளிக்காரன்
18 ஆகஸ்ட் 2025, இரவு 10.40

ஆடித் தள்ளுபடி ஒருவழியாக முடிந்தது. இன்றுதான் கல்லாவில் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது.

டெல்டாவில் நடுத்தரமான ஓர் ஊர். தாத்தா தொடங்கிய ஜவுளிக்கடை, நான் மூன்றாம் தலைமுறை. நிரந்தரமாக ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். ஆயுத பூஜையிலிருந்து தீபாவளிவரை மட்டும் நான்கைந்து பேரைக் கூடுதலாகச் சேர்ப்பது எங்கள் வழக்கம். பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள். சேலை மடிக்கவும் பில் போடவும் கற்றுக்கொண்டு, கைச்செலவுக்குக் காசும் போனஸாக ஒரு செட் துணியும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

சென்ற தீபாவளிக்கு அப்படி வந்த ஒரு பெண் கெட்டிக்காரி. படிப்பு முடிந்துவிட்டது, நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறாள். எனக்கும் ஆள் வேண்டும். ஆடிட்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "ஒன்பதோடு நிறுத்துங்கள். பத்து ஆனால் கதையே வேறு. கடைப் பதிவு, ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு, பணிக்கொடை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்" என்கிறார். ஒரே ஓர் ஆளால் இவ்வளவு மாறுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வம்பன்
18 ஆகஸ்ட் 2025, இரவு 10.52

எங்கள் தெருவில் எல்லாக் கடையிலும் ஒன்பது பேர்தான். பதினான்கு பேர் இருக்கும் கடையிலும் ஒன்பது பேர்தான்.

ஊராட்சிக்கடை
19 ஆகஸ்ட் 2025, காலை 6.15

அண்ணே, உங்களுக்குப் பத்தாவது ஆளைப் பற்றிக் கவலை. நான் தனி ஆள், மளிகைக்கடை. பள்ளிக்கூடம் விட்டதும் மகன் வந்து உட்காருவான். எனக்கும் போன மாதம் தூக்கம் போயிற்று. கிராம ஊராட்சிகளிலும் தொழில் உரிமம் எடுக்க வேண்டும் என்று ஜூலையில் விதி வந்தது நினைவிருக்கும். டீக்கடைக்கும் வேண்டுமாம். வணிகர்கள் எதிர்த்தார்கள், எதிர்க்கட்சிகளும் சத்தம் போட்டன, அரசு நிறுத்திவைத்துவிட்டது. நிறுத்திவைத்தது என்றுதான் சொல்கிறார்கள், எடுத்துவிட்டோம் என்று சொல்லவில்லை. கவனித்தீர்களா?

கட்டணத்தைப் பற்றி நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. அந்த ஒரு தாளை வாங்க எத்தனை நாள் கடையைச் சாத்த வேண்டும் என்பதுதான் என் கணக்கு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். அதற்கு ஒரு நாள். உணவுப் பாதுகாப்புப் பதிவு இணையத்தில்தான், ஆனாலும் எனக்குத் தெரியாது, கணினி மையத்தில் உட்கார்ந்தால் அரை நாள். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருப்பதால் அதற்குக் கட்டணம் ஆண்டுக்கு நூறு ரூபாய்தான். நூறு ரூபாய் கட்டுவதற்குக் கணினி மையத்துக்காரர் என்னிடம் வாங்கியது முந்நூறு.

பேரேடு
19 ஆகஸ்ட் 2025, காலை 9.30

ஜவுளிக்காரன் சார், வரிக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. மற்ற பல மாநிலங்களில் இருப்பதுபோல, கடையைத் தொழிலாளர் துறையில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இங்கே முன்பு இருந்ததில்லை. 2018-இல் திருத்தம் கொண்டுவந்தார்கள், ஆனால் 2024 ஜூலை 2-ஆம் தேதிதான் அது நடைமுறைக்கு வந்தது. பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்கள் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே முடிந்துவிடும், இதற்காகப் பயப்பட ஒன்றும் இல்லை.

ஈ.எஸ்.ஐ.க்கும் எல்லை பத்துதான். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 3.25 விழுக்காடு, தொழிலாளி 0.75 விழுக்காடு. 12,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்கள் பங்கு 390, அவர் பங்கு 90. பத்துப் பேருக்கு மாதம் 3,900 ரூபாய். பணிக்கொடைச் சட்டத்துக்கும் பத்துதான்: ஐந்தாண்டு வேலை செய்துவிட்டு விலகுபவருக்கு, செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம். 12,000-க்கு அது ஆண்டுக்குச் சுமார் 6,900 ரூபாய். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு அமைப்பதற்கும் பத்துதான் எல்லை. பி.எஃப். இருபது பேருக்குத்தான், அதை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் ஆடிட்டர் சொல்லாததைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பணிக்கொடைச் சட்டம் இன்று எத்தனை பேர் என்று கேட்கவில்லை. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் *ஏதாவது ஒரு நாளில்* பத்துப் பேர் வேலை செய்தார்களா என்று கேட்கிறது. ஈ.எஸ்.ஐ.யும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கும். சென்ற ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. அதற்கு நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதும் நான்கும் பதிமூன்று.

பத்தாவது ஆளைச் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். பத்தாவது ஆள் வந்து போய்ப் பத்து மாதம் ஆகிறது சார்.

ஒருமுறை சட்டத்துக்குள் வந்துவிட்டால், அப்புறம் ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. இரண்டு சட்டத்திலும் அதைத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஜவுளிக்காரன்
19 ஆகஸ்ட் 2025, மதியம் 1.05

சாப்பாட்டுக்கு நடுவில் படித்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

தீபாவளி நெரிசலில் இருபது நாள் வந்து போனவர்களைக் கணக்கில் சேர்த்து, ஆண்டு முழுவதும் ஒன்பது பேரோடு கடை நடத்துகிறவனைப் பெரிய கடை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? எங்கள் தொழிலில் ஆண்டு வியாபாரத்தில் பாதி அந்த இருபது நாளில்தான். கூடுதல் ஆள் வைக்காமல் கடையைத் திறக்கவே முடியாது.

மனைவி பெயரில் இரண்டாவது கடையாகக் காட்டலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். மாடியில் இருக்கும் குழந்தைகள் உடைப் பிரிவு தனிக் கடை, கீழே தனிக் கடை. சரிப்படுமா?

பேரேடு
19 ஆகஸ்ட் 2025, மதியம் 2.20

ஒரே வாசல், ஒரே மாடிப்படி, ஒரே கிடங்கு, கீழே இருக்கும் பையனே மேலே போய்ச் சட்டை எடுத்துக் காட்டுகிறான். ஆய்வுக்கு வருபவர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார். இரண்டு பெயர்ப்பலகைக்குச் செலவழித்ததுதான் மிச்சம்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. ஈ.எஸ்.ஐ. கழகம் இந்த ஆண்டு ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. இதுவரை பதியாதவர்கள் இப்போது தாமாக வந்து பதிந்தால், பழைய பாக்கியைத் தோண்ட மாட்டார்கள், பழைய பதிவேட்டைக் கேட்க மாட்டார்கள். என் வாடிக்கையாளர்களை எல்லாம் இதற்குள் பதியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் வந்து அழுதால் நான் பொறுப்பில்லை.

இலைச்சாப்பாடு
19 ஆகஸ்ட் 2025, மாலை 4.10

நான் மெஸ் நடத்துகிறேன், ஆறு பேர். அதனால் பத்து என்ற கோட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எல்லாம் இன்பமயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

தமிழில் பெயர்ப்பலகை வையுங்கள், மற்ற மொழி அடுத்துத்தான், தமிழ் எழுத்து பெரிதாக 5:3:2 விகிதத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். சந்தோஷமாக மாற்றினேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. 2019 ஜனவரி 1-ஆம் தேதி பதினான்கு வகைப் பிளாஸ்டிக் தடை வந்தது. சாம்பார் கட்டித்தரும் பையை விட்டேன், தூக்குவாளி கொண்டுவருபவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுகிறேன். இதுவும் நல்ல விதிதான். பெரிய நிறுவனத்துப் பாக்கெட்டுகள் பளபளவென்று கடைகளில் தொங்கிக்கொண்டிருக்க, என் கடைக்குள் வந்து மூலையில் கிடந்த பழைய பைகளைத் தேடி அபராதம் எழுதினார்களே, அன்றைக்குத்தான் வயிறு எரிந்தது.

எனக்குப் புரியாதது இன்னொன்று. கடையை 24 மணி நேரமும் திறந்துவைக்கலாம் என்று 2019-இல் அரசாணை போட்டார்கள், மும்மூன்று ஆண்டாக நீட்டித்து இந்த ஆண்டும் நீட்டித்திருக்கிறார்கள். அது யாருக்கு? பத்தும் அதற்கு மேலும் ஆள் வைத்திருப்பவர்களுக்கு. பேருந்து நிலையத்துக்கு எதிரே இரவு பதினொன்றரைக்கு இரண்டு இட்லி கேட்டு வருபவர்களுக்கு நான் கொடுக்கக் கூடாது, அடுத்த தெருவில் குளிர்சாதனம் போட்ட கடை விடியவிடியக் கொடுக்கலாம். சிறியவள் என்பதால் விதி விலக்கு அளிக்கிறது, சிறியவள் என்பதாலேயே விளக்கை அணைக்கவும் சொல்கிறது.

நின்றகால்
19 ஆகஸ்ட் 2025, இரவு 9.45

முதலாளிகள் பேசி முடித்தீர்களா? ஒரு தொழிலாளியும் பேசலாமா?

பதினோரு ஆண்டு பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நின்றேன். வேலை பார்த்தேன் என்று எழுத வரவில்லை, நின்றேன் என்றுதான் வருகிறது. காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பதரை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. தூணில் சாய்ந்தால் மேற்பார்வையாளர் கண்காணிப்புக் கேமராவில் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். முப்பத்திரண்டு வயதில் காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்தது. சிகிச்சைக்கு அம்மாவின் தோடு போயிற்று. ஈ.எஸ்.ஐ. இருந்திருந்தால் போயிருக்காது. அந்தக் கடையில் நூற்றுக்கு மேல் ஆட்கள். அட்டை வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், ஜவுளிக்காரன் அண்ணனுக்கு இன்னும் சாப்பாடு இறங்காது.

கோழிக்கோட்டில் எங்களைப் போன்ற பெண்கள் தெருவில் இறங்கிப் போராடித்தான் கேரளத்தில் 2018-இல் உட்காரும் உரிமை வந்தது. நம் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பரில் வந்தது. கடைச் சட்டத்தில் 22-ஏ பிரிவு. அதற்குப் பத்து, இருபது என்று எந்தக் கணக்கும் கிடையாது. எல்லாக் கடையிலும் எல்லாருக்கும் இருக்கை இருக்க வேண்டும். அண்ணனுடைய கேள்வியில் பதிவு வந்தது, ஈ.எஸ்.ஐ. வந்தது, பணிக்கொடை வந்தது. நாற்காலி மட்டும் வரவில்லை. உங்கள் கடையில் ஒன்பது பேருக்கு எத்தனை இருக்கை?

அந்தப் பெண்ணைச் சேர்க்காமல் விட்டால் மாதம் 390 ரூபாய் மிச்சம். அவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். நான் நின்ற இடத்துக்குத்தான் போவாள்.

வம்பன்
19 ஆகஸ்ட் 2025, இரவு 10.02

இதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

ஓய்வெழுத்தர்
20 ஆகஸ்ட் 2025, காலை 7.30

முப்பது ஆண்டு அரசு அலுவலகத்தில் கோப்புப் புரட்டியவன். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது, ஆனால் இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை.

எல்லை என்று ஒன்று வைக்காமல் சட்டம் எழுத முடியாது. எட்டு என்று வைத்தால் ஏழோடு நிற்பார்கள், இருபது என்றால் பத்தொன்பதோடு நிற்பார்கள். அது மனித சுபாவம். ஆனால் ஒரே எண்ணில் நான்கைந்து சட்டங்களைக் கட்டித் தொங்கவிட்டால் அது கோடாக இருக்காது, சுவராகிவிடும். ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகிறவன் ஒரு படி ஏறுவதாக உணர வேண்டும். இப்போது சுவர் ஏறிக் குதிப்பதாக உணர்கிறான். இதில் மாநிலம் போட்டது பாதி, ஒன்றியம் போட்டது பாதி. இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு போட்டதாகத் தெரியவில்லை. கடைக்காரனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவனுக்கு எல்லாமே கவர்மென்ட்.

வேண்டாத ரகசியம் ஒன்றும் சொல்கிறேன். ஒன்பதில் நிற்கும் கடைகள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டில் ஒன்பது பெயர், சாப்பாட்டு அறையில் பதினைந்து தூக்குப்பாத்திரம். சில ஆய்வாளர்கள் அதைப் பார்த்து நோட்டீஸ் எழுதுவார்கள். சிலர் எழுத மாட்டார்கள். எழுதாதவருக்காக அந்தக் கடைக்காரர் ஆண்டுதோறும் செலவழித்த தொகையைக் கூட்டிப் பார்த்தால், ஈ.எஸ்.ஐ. மலிவு என்று தெரிந்திருக்கும். மறைத்துப் பிழைப்பதற்கும் ஒரு கட்டணம் உண்டு தம்பி, அதற்கு ரசீது கிடைக்காது.

ஊராட்சிக்கடை
20 ஆகஸ்ட் 2025, மதியம் 3.00

ஐயா சொன்னது சரி. ஆனால் ஒரே ஒரு சந்தேகம். விதி எழுதுகிறவர்கள் எழுதுவதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது உண்டா? உரிமம் வேண்டும் என்று விதி வந்த பிறகு செய்தித்தாளில் படித்தேன், நிறுத்திவைத்ததையும் செய்தித்தாளில்தான் படித்தேன். நடுவில் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் அவர்களுக்கும் செய்தித்தாளில் படித்ததுதான் தெரிந்திருந்தது.

ஓய்வெழுத்தர்
20 ஆகஸ்ட் 2025, மாலை 5.40

வரைவு விதியை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் வழக்கம் பல சட்டங்களில் உண்டு. அரசிதழை மளிகைக்கடையில் யார் படிக்கிறார்கள்? பொட்டலம் மடிக்கக்கூட அது வருவதில்லை.

பேரேடு
20 ஆகஸ்ட் 2025, இரவு 8.15

கடைக்காரர்கள் கேட்டு மாறிய விதியும் உண்டு என்பதற்காக ஒன்று சொல்கிறேன். ஜி.எஸ்.டி.யில் பதியாத வீட்டுக்காரரிடம் கடை வாடகைக்கு எடுத்திருந்தால், வாடகைக்கான 18 விழுக்காடு வரியைக் கடைக்காரரே கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபர் 10-ஆம் தேதி கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் அதை உள்ளீட்டு வரியாக, தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இணக்க வரித் திட்டத்தில், அதாவது விற்பனையில் சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் திட்டத்தில், இருக்கும் சிறு வியாபாரியால் அப்படிக் கழிக்க முடியாது, முழுவதும் கைநஷ்டம். நாடெங்கும் வணிகர்கள் முறையிட்டார்கள், டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் இணக்க வரிக்காரர்களுக்கு விலக்கு அளித்தது. நடுவில் கட்டிய வாடகை வரி போனது போனதுதான், அது வேறு கதை.

இலைச்சாப்பாடு
20 ஆகஸ்ட் 2025, இரவு 8.50

அந்தப் "போனது போனதுதான்" என்பதில் நானும் இருக்கிறேன்.

ஜவுளிக்காரன்
24 ஆகஸ்ட் 2025, இரவு 11.10

நான்கு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. நின்றகால் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததுதான் காரணம். எங்கள் கடையில் இருக்கை இரண்டு. ஒன்று என்னுடையது, மற்றது கணக்குப்பிள்ளையுடையது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். எழுபத்தெட்டு வயது, மாலையில் மட்டும் கடைக்கு வருவார். அவர் சொன்னது: "தாத்தா காலத்தில் யார் நின்றார்கள்? பாய் விரித்து மேலே வெள்ளைத் துணி போட்டிருக்கும். வாங்க வருபவரும் உட்காருவார், காட்டுகிறவரும் உட்காருவார். கண்ணாடி மேசை போட்டு நான்தான் எல்லாரையும் நிற்கவைத்தேன்." அதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். எனக்கும் பேச ஒன்றும் தோன்றவில்லை.

ஆடிட்டரை மறுபடியும் பார்த்தேன். தீபாவளிப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதும், "அதையெல்லாம் ஏன் வெளியே சொன்னீர்கள்?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஈ.எஸ்.ஐ. மாதம் 3,900, ஆண்டுக்கு 46,800. அதோடு பணிக்கொடைக்கு ஒதுக்க வேண்டியது. சிறு தொகை இல்லை. அதைச் சிறிது என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். சேலைக்கு ஐந்து ரூபாய் கூட்டினால் எதிர்க்கடைக்குப் போய்விடும் வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு இதை எங்கே ஏற்றுவது என்று இன்னும் தெரியவில்லை. ஆண்டின் பாதிக்கு மேல் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று பார்த்து எல்லை வைத்தால், எங்களைப் போன்ற பருவ வியாபாரக் கடைகள் மூச்சுவிடும் என்ற என் எண்ணத்திலும் மாற்றமில்லை. வணிகர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறேன்.

ஆனாலும் பதிந்துவிட்டேன். கடைப் பதிவு முடிந்தது, ஈ.எஸ்.ஐ.க்கு அடுத்த வாரம் பேரேடு சாரிடம் தாள்களை அனுப்புகிறேன். அந்தப் பெண் செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து வருகிறாள். சம்பளத்தில் 90 ரூபாய் பிடிப்பார்கள் என்று சொன்னேன். "அம்மாவுக்கும் அங்கே வைத்தியம் பார்ப்பார்களா சார்?" என்று கேட்டாள். அவளை நம்பி வாழும் பெற்றோர் என்றால் பார்ப்பார்கள் என்று பேரேடு சார் தொலைபேசியில் சொன்னார். எங்கள் பழைய ஆட்களில் இரண்டு பேர் மட்டும் ஏன் தொண்ணூறு ரூபாய் பிடிக்கிறீர்கள் என்று முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார்கள். அவர்களை எப்படிச் சமாதானப்படுத்துவது என்பது அடுத்த தலைவலி.

நின்றகால், இருக்கை வாங்கப் போகிறேன். கண்ணாடி மேசைக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டடிதான் இடம். பிளாஸ்டிக் முக்காலி போதுமா?

நின்றகால்
25 ஆகஸ்ட் 2025, காலை 6.50

முக்காலி வேண்டாம் அண்ணா. மேசைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் வெளியே தெரியும். வாடிக்கையாளர் வந்ததும் எழுந்து எழுந்து உட்கார்ந்து முட்டி போய்விடும், இரண்டே நாளில் யாரும் உட்கார மாட்டார்கள். அப்புறம் நீங்கள் "வாங்கிப் போட்டேன், அவர்களே உட்காரவில்லை" என்பீர்கள்.

உயரமான இருக்கை வாங்குங்கள். நிற்கும்போது இருக்கும் உயரத்துக்குச் சற்றே கீழே, கால் வைக்க ஒரு கம்பி, முதுகுக்குச் சின்னதாக ஒரு சாய்மானம். இரண்டடியில் அடங்கும். அலமாரியின் கீழ்த்தட்டு ஒன்றை எடுத்துவிட்டால் உள்ளே தள்ளிவைக்கவும் இடம் கிடைக்கும், அந்தத் தட்டில் எப்போதும் விற்காத சரக்குதான் இருக்கும், எனக்குத் தெரியும்.

பத்து வாங்குங்கள். தீபாவளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்னும் நான்கு.

பேரேடு
25 ஆகஸ்ட் 2025, காலை 9.05

ரசீது வாங்கி வையுங்கள் சார். செலவில் எழுதலாம்.